குறைந்த கந்தகம் என்னும் சமாதானம்

ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலை 11 அன்று வெளியிட்ட அறிவிக்கை, இந்தியாவில் நிலக்கரி எரிக்கும் அனல்மின் அலகுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவற்றைக் கந்தக டை ஆக்சைடு உமிழ்வு வரம்பிலிருந்து விடுவித்தது. 2015 டிசம்பரில் அதே அமைச்சகம் விதித்திருந்த அந்த வரம்பை எட்டுவதற்குப் பெரும்பாலான நிலையங்கள் வெட் ஸ்க்ரப்பர் எனப்படும் அமைப்பை, அதாவது கொதிகலனிலிருந்து வரும் புகையை வெளியே விடுமுன் சுண்ணாம்புக் குழம்பால் கழுவி அதிலுள்ள கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் கோபுரத்தை, நிறுவியாக வேண்டியிருந்தது. அந்தக் கடமை நீக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இன்று ஆட்சியாளர்கள், மின்துறை வல்லுநர்கள், பொருளாதார எழுத்தாளர்கள் ஆகியோரிடையே ஏறக்குறைய ஒத்த கருத்தாக நிலைபெற்றுவிட்டன. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் அளக்கப்படும் கந்தக டை ஆக்சைடு எங்கும் வரம்புக்குள்ளேயே இருக்கிறது, உயரமான புகைபோக்கிகள் புகையைப் போதுமான அளவு சிதறடித்துவிடுகின்றன, ஸ்க்ரப்பர்களோ பெரும் செலவையும் கூடுதல் கரியமில வாயுவையும் கொண்டுவருகின்றன என்பது அந்தக் கருத்தின் சாரம். இதில் உண்மையான தரவுகள் பல உண்டு. ஆயினும் முடிவு தவறானது, ஏனெனில் தவறான இடத்தில், தவறான அலகில் அளந்து பெறப்பட்ட முடிவு அது.

முதலில் கந்தகத்தின் அளவை எடுத்துக்கொள்ளலாம். இந்திய நிலக்கரியின் எடையில் கந்தகம் பொதுவாக 0.3 முதல் 0.5 விழுக்காடு வரைதான் இருக்கிறது என்பது சரியே. ஆனால் அந்த நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல் இருப்பதால், ஒரு கிலோ எரித்தால் கிடைக்கும் வெப்பமும் குறைவாகவே இருக்கிறது. தரமான வெளிநாட்டு நிலக்கரி கிலோவுக்கு 6,000 கிலோகலோரி அளவுக்குத் தரும்போது இந்திய நிலக்கரி 3,600 கிலோகலோரியை ஒட்டியே தருகிறது. எனவே அதே மின்சாரத்தைப் பெறக் கூடுதல் நிலக்கரியை எரிக்க வேண்டும், அத்துடன் கூடுதல் கந்தகமும் எரிகிறது. வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டு ஒப்பிட்டால் இந்திய நிலக்கரியின் 0.4 விழுக்காடு கந்தகம், 6,000 கிலோகலோரி நிலக்கரியில் 0.67 விழுக்காடு கந்தகத்துக்குச் சமம். எடைக்கு இத்தனை விழுக்காடு என்று கூறுவது சுரங்கத்துக்கும் சரக்கு ரயிலுக்கும் பொருந்தும் கணக்கே தவிர, அந்த மின்சாரத்துக்காகக் காற்றில் கலக்கும் நச்சைச் சொல்லும் கணக்கு அன்று.

விழுக்காட்டை விட்டு டன்னில் பேசினால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.7 கிலோ நிலக்கரி எரிக்கும் 500 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடும்போது மணிக்கு 350 டன் நிலக்கரியை விழுங்குகிறது. அதில் 0.4 விழுக்காடு கந்தகம் என்றால் மணிக்கு 1.4 டன் கந்தகம். கந்தக அணுவின் எடையும் அதனோடு சேரும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் எடையும் சமம் என்பதால், எரிந்து வெளிவரும் கந்தக டை ஆக்சைடு அதன் இரு மடங்கு, அதாவது மணிக்கு 2.8 டன். ஒரு நாளில் இது 65 டன்னைத் தாண்டும். ஆண்டில் எழுபது விழுக்காடு நேரம் மட்டுமே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் 17,000 டன்னை எட்டும். இது ஒரே ஓர் அலகின் கணக்கு. நான்கைந்து அலகுகள் கொண்ட நிலையங்கள் பல ஒரே வட்டாரத்தில் நெருங்கி நிற்கும் சிங்ரௌலி, கோர்பா போன்ற நிலக்கரிப் பகுதிகளுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், எடுத்துக்கொண்ட நிலக்கரி குறைந்த கந்தகம் கொண்டது என்ற சொல் எவ்வளவு குறைவான ஆறுதலைத் தருகிறது என்பது விளங்கும். கழுவப்படாத புகையில் ஒரு கனமீட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கந்தக டை ஆக்சைடு இருப்பது இந்திய அலகுகளில் இயல்பான நிலை. 2015இன் விதியோ 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட பழைய அலகுகளுக்கு 200 மில்லிகிராமையும், 2017 முதல் வந்தவற்றுக்கு 100 மில்லிகிராமையும் வரம்பாக வைத்தது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நாசா அறிவியலாளர்களும் இணைந்து செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு 2017இல் வெளியிட்ட ஆய்வு, 2007க்குப் பிறகு சீனாவின் கந்தக டை ஆக்சைடு உமிழ்வு முக்கால் பங்கு குறைந்தபோது இந்தியாவின் உமிழ்வு பாதியளவு கூடியதையும், உலகின் மிகப் பெரிய உமிழ்வு நாடாக இந்தியா மாறிவருவதையும் காட்டியது. சீன நிலக்கரியைவிட இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அந்த இடமாற்றத்தைத் தடுக்கவில்லை.

இரண்டாவது வாதம் நுட்பமானது. அதனால்தான் பலரை எளிதில் இணங்கவைத்துவிடுகிறது. நாட்டின் நகரங்களில் நிறுவப்பட்ட கண்காணிப்புக் கருவிகள் காட்டும் கந்தக டை ஆக்சைடு, 24 மணி நேரச் சராசரிக்கு வகுக்கப்பட்ட கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்னும் தேசியத் தரத்துக்கு மிகக் கீழேயே இருக்கிறது, ஆகவே பிரச்சினை இல்லை என்பது அவ்வாதம். ஆனால் கந்தக டை ஆக்சைடு காற்றில் அப்படியே தங்கியிருக்கும் வாயு அன்று. வெயிலில் உருவாகும் வினைத்திறன் மிக்க மூலக்கூறுகளும் மேகத் துளிகளின் ஈரமும் அதைச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள்களுக்குள் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் காற்றிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து அமோனியம் சல்ஃபேட் என்னும் திண்மத் துகளாகிறது. யூரியா உரமும் கால்நடைக் கழிவும் மிகுந்த கங்கைச் சமவெளியில் அமோனியாவுக்குப் பஞ்சமில்லை. இப்படிப் பிறக்கும் துகள்கள் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டம் கொண்டவை. நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. பல நாள்கள் காற்றில் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்பவை. ஒரு டன் கந்தக டை ஆக்சைடு முழுதும் இவ்வாறு மாறினால் இரண்டு டன்னுக்குச் சற்று மேலான அமோனியம் சல்ஃபேட் கிடைக்கும். வாயுவை அளக்கும் கருவி குறைந்த எண்ணைக் காட்டும்போது, அந்த வாயு இல்லாமல் போய்விட்டது என்று பொருளாகாது. வேறொரு பெயரில், வேறொரு கருவியின் கணக்கில், வேறொரு ஊரின் மூச்சில் அது சேர்ந்திருக்கிறது.

இந்த வேதியியலை வைத்துப் பார்க்கும்போதுதான் 2025 அறிவிக்கையின் அடிப்படைப் பிழை வெளிப்படுகிறது. தேசியத் தலைநகர் வட்டாரத்துக்கோ பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் அலகுகள் 2027 இறுதிக்குள் வரம்பை எட்ட வேண்டும், கடுமையாக மாசுபட்ட பகுதிகளையும் காற்றுத் தரத்தை எட்டாத நகரங்களையும் அதே தூரத்தில் ஒட்டியிருப்பவை பற்றித் தனித்தனியே முடிவெடுக்கப்படும், எஞ்சியவற்றுக்கு விலக்கு. இந்தப் பகுப்பு நிலையத்தின் இருப்பிடத்தைப் பார்க்கிறதே தவிர அது எரிக்கும் நிலக்கரியின் கந்தகத்தைப் பார்க்கவில்லை. இந்திய நிலக்கரியின் குறைந்த கந்தகமே ஸ்க்ரப்பர் தேவையில்லை என்பதற்குக் காரணமானால், அதே நிலக்கரியை எரிக்கும் நகரோர நிலையங்களுக்கு மட்டும் அது ஏன் தேவைப்படுகிறது? தேவைப்படுகிறது என்று அறிவிக்கையே ஒப்புக்கொள்ளும்போது, கந்தகக் குறைவு என்னும் காரணம் தானே விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது தூரம் பற்றிய வாதம் ஒன்றே. அதுவும் நிற்காது. நொடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் வீசும் சாதாரணக் காற்று 10 கிலோமீட்டரை முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும்; அந்த நேரத்துக்குள் வறண்ட காற்றில் சல்ஃபேட்டாக மாறும் கந்தக டை ஆக்சைடு மிகச் சிறு பங்குதான், ஏனெனில் பகல் வெயிலில்கூட அந்த மாற்றம் மணிக்கு ஓரிரு விழுக்காடு என்ற வேகத்தில்தான் நடக்கிறது. அதாவது நுண்துகள் பெருமளவில் உருவாகும் இடம் 10 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே, வெகு தொலைவில் இருக்கிறது. சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் விலக்குப் பெற்ற நிலையங்களின் கந்தகம் எந்த நகரத்தின் மேல் சல்ஃபேட்டாக இறங்கும் என்பதைக் காற்றின் திசை தீர்மானிக்கிறது. வரைபடத்தில் போட்ட வட்டம் தீர்மானிப்பதில்லை. தொலைவுக் கிராமங்களில் வாழ்வோருக்கு இந்தப் பகுப்பில் இடமே இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பத்து லட்சம் பேர் ஓரிடத்தில் திரண்டிருந்தால்தான் மூச்சுக்காற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்ற கொள்கையை எந்தப் பொதுச் சுகாதார நெறியும் ஏற்காது.

விலக்குக்கு நிபந்தனையாக வைக்கப்பட்டிருப்பது புகைபோக்கியின் உயரம். நீண்ட காலமாக இந்திய விதிகள் 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் உயரத்தையும், 200 மெகாவாட்டிலிருந்து 500 மெகாவாட்டுக்கு உட்பட்டவற்றுக்கு 220 மீட்டரையும் கோரி வந்தன. உயரத்தில் வெளியேறும் புகை தரையை அடைவதற்குள் நீர்த்துவிடும் என்பது இதன் அடிப்படை. அருகிலுள்ள ஊர்களைப் பொறுத்தவரை இது உண்மையே. ஆனால் உயரம் ஒரு கிராம் கந்தகத்தைக்கூடக் குறைப்பதில்லை. அது எங்கே போய் விழும் என்பதை மட்டுமே மாற்றுகிறது. இந்தச் சோதனையை உலகம் முன்பே நடத்திப் பார்த்து, அதன் விளைவையும் கண்டு, விதியை மாற்றிக்கொண்டது என்பதுதான் இங்கே மறக்கப்பட்டிருக்கும் வரலாறு.

லண்டன் நகரின் நடுவே, தேம்ஸ் ஆற்றங்கரையில், 1933இல் இயங்கத் தொடங்கிய பேட்டர்சீ மின்நிலையம் தொடக்கத்திலிருந்தே தன் புகையைக் கழுவியது. இயல்பாகவே சற்றுக் காரத்தன்மை கொண்ட தேம்ஸ் நீரோடு சுண்ணாம்பும் சேர்த்துப் புகையின் மேல் தெளித்து, கந்தகத்தில் பெரும்பங்கை நீக்கிய அந்த நிலையம், பெரிய அளவில் அமைந்த முதல் வெட் ஸ்க்ரப்பர்களில் ஒன்றைக் கொண்டிருந்தது. அதற்குக் குறைகள் இருந்தன. கழுவிய நீர் ஆற்றிலேயே விடப்பட்டது. கழுவப்பட்டுக் குளிர்ந்த புகை மேலெழ வலுவின்றித் தாழ்ந்து இறங்கியது. இந்தக் குறைகளைத் தீர்ப்பதற்குப் பதிலாக, போருக்குப் பிந்திய பிரிட்டனின் மின்வாரியம் கழுவுதலையே கைவிட்டு, நகரங்களுக்கு வெளியே மிக உயரமான புகைபோக்கிகளோடு பெரிய நிலையங்களைக் கட்டும் வழியைத் தேர்ந்தெடுத்தது. உள்ளூர் அளவீடுகள் நன்றாகவே இருந்தன. கந்தகம் வட கடலைக் கடந்து ஸ்காண்டிநேவியாவின் ஏரிகளிலும் காடுகளிலும் அமில மழையாக விழுந்தது. ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் ஸ்வாந்தே ஒடேன் 1960களின் இறுதியில் இதை உலகறியச் செய்தார். 1972 ஸ்டாக்ஹோம் மாநாடும் 1979இல் ஜெனிவாவில் கையெழுத்தான எல்லை தாண்டும் காற்று மாசு ஒப்பந்தமும் அதன் தொடர்ச்சியில் வந்தவை. 1985இல் ஹெல்சிங்கியில் பல நாடுகள் கந்தக உமிழ்வை 30 விழுக்காடு குறைக்க உடன்பட்டபோது பிரிட்டன் சேர மறுத்தது. ஆனால் மறு ஆண்டே அதன் நிலைப்பாடு தளர்ந்தது. 259 மீட்டர் உயரப் புகைபோக்கி கொண்ட டிராக்ஸ் நிலையத்தில், ஏறத்தாழ 4,000 மெகாவாட் திறன் முழுமைக்கும், 1988 முதல் 1996 வரை சுண்ணாம்புக்கல் ஸ்க்ரப்பர்கள் பொருத்தப்பட்டன. உயரம் போதாது என்பதற்கு இதைவிட நேரடியான ஒப்புதல் இருக்க முடியாது. அமெரிக்கா அதற்கும் முன்பே, 1977இல் தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தி, புகைபோக்கியை உயர்த்திச் சிதறடிப்பதை மாசுக் கட்டுப்பாட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதித்தது. 1983இல் ஆணை பிறப்பித்த மேற்கு ஜெர்மனி சில ஆண்டுகளுக்குள் தன் பெரிய நிலையங்களில் கழுவுகோபுரங்களைப் பொருத்தி முடித்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் இந்த நாடுகள் கைவிட்ட கோட்பாட்டை 2025இல் ஓர் அறிவிக்கையின் நிபந்தனையாக மீட்டெடுப்பது அறிவியல் மறு ஆய்வின் விளைவாக இருக்க முடியாது.

இந்தியாவில் அமில மழை பெரிய அளவில் இல்லையே என்று கேட்கப்படுவதுண்டு. இந்திய நிலத்திலிருந்து எழும் சுண்ணச்சத்து மிக்க புழுதி மழைநீரின் அமிலத்தை நடுநிலையாக்கிவிடுவதே அதற்குக் காரணம். அமிலம் உருவாகவில்லை என்பது காரணம் அன்று. அந்தப் பாதுகாப்பும் குறைந்துவருகிறது. கொடைக்கானல், விசாகப்பட்டினம், நாக்பூர், பிரயாக்ராஜ் உள்ளிட்ட இடங்களில் பல பத்தாண்டுகளாக மழைநீரின் வேதித்தன்மையை அளந்துவரும் நிலையங்களின் பதிவுகள், பெரும்பாலான இடங்களில் மழை மெல்ல அமிலத்தன்மையை நோக்கி நகர்வதைக் காட்டுகின்றன. தவிரவும், நடுநிலையான சல்ஃபேட் துகளும் நுண்துகளே.

ஸ்க்ரப்பர்கள் கரியமில வாயுவைக் கூட்டும் என்ற வாதம் சூழலின் பெயரால் வைக்கப்படுவதால் அதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். கோபுரத்துக்குள் நடப்பது எளிய வேதிவினை. பொடித்த சுண்ணாம்புக்கல் நீரில் கரைத்த குழம்பாக மேலிருந்து தெளிக்கப்படுகிறது. கீழிருந்து ஏறும் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு அத்துளிகளில் கரைந்து சுண்ணாம்போடு சேர்கிறது. அடித்தொட்டியில் காற்று ஊதப்படும்போது அது ஜிப்சமாகிறது. இந்த வினையில் ஒவ்வொரு டன் கந்தக டை ஆக்சைடுக்கும் 0.69 டன் கரியமில வாயு சுண்ணாம்புக்கல்லிலிருந்து வெளிவருவது உண்மை. முன்பு சொன்ன 500 மெகாவாட் அலகுக்கு அது மணிக்கு இரண்டு டன்னுக்கும் குறைவு. அதே அலகின் நிலக்கரி எரிவதால் மணிக்கு வெளிவரும் கரியமில வாயு 475 டன்னை ஒட்டியது. பம்புகளும் விசிறிகளும் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தையும் சேர்த்தால்கூட மொத்தக் கூடுதல் இரண்டு விழுக்காட்டை எட்டாது. பழைய, திறன் குறைந்த ஓர் அலகை மூடுவதால் கிடைக்கும் பயன் இதைவிடப் பல மடங்கு. இன்னும் சிலர், சல்ஃபேட் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிப் புவியைக் குளிர்விக்கின்றன, ஆகவே அவற்றை நீக்கினால் வெப்பமாதல் கூடும் என்கிறார்கள். குளிர்விப்பது மெய்யே, ஆனால் சில நாள்களில் கழுவப்பட்டுவிடும் துகளைக் கொண்டு நூற்றாண்டுகள் நிலைக்கும் வாயுவின் விளைவை ஈடுகட்ட முடியாது. மேலும் அதே துகள்கள் நிலத்தின் வெப்பத்தைக் குறைத்து, நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைச் சுருக்கி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழையை நலிவுறச் செய்தன என்பது ஐநாவின் காலநிலைக் குழு ஏற்றுக்கொண்ட முடிவு. மழையை நம்பி வாழும் நாடு அந்தத் துகள்களைப் பாதுகாப்பாகக் கருதுவது எந்தக் கணக்கிலும் சேராது.

நீர் குறித்த கவலை இவற்றுள் நேர்மையானது. ஸ்க்ரப்பர் நீரை ஆவியாக்குகிறது. கழுவிய நீரில் பாதரசம், செலினியம், ஆர்சனிக் போன்றவை சேர்கின்றன. அதைச் சுத்திகரிக்காமல் ஆற்றிலோ கடலிலோ விட்டால் காற்றின் நஞ்சு நீருக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பேட்டர்சீயின் பிழை அதுவே. அதை மீண்டும் செய்ய எந்தக் காரணமும் இல்லை. ஆனால் பாதரசம் அந்த நீரில் வந்து சேர்கிறது என்பதன் பொருள், ஸ்க்ரப்பர் இல்லாதபோது அது புகைபோக்கி வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது என்பதே. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையை 2018இல் ஏற்புறுதி செய்த நாட்டுக்கு, நீரில் கரையும் வடிவிலுள்ள பாதரசத்தைத் தனிக் கருவி இல்லாமலேயே பிடித்துவைக்கும் ஓர் அமைப்பு பாரமாகத் தோன்றக் கூடாது. தேவைப்படும் கூடுதல் நீரும் ஒரு நிலையத்தின் மொத்த நீர்த்தேவையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கடற்கரை நிலையங்களுக்கு நன்னீர்கூடத் தேவையில்லை. கடல்நீரின் இயற்கையான காரத்தன்மையே போதும். மும்பை டிராம்பேயில் 1980களின் இறுதியிலிருந்தும், தஹானுவில் 2007 முதலும் கடல்நீர் ஸ்க்ரப்பர்கள் இயங்கிவந்திருக்கின்றன. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் நிலையங்கள் கடலை ஒட்டியே நிற்கின்றன. இந்தத் தொழில்நுட்பம் இந்தியாவுக்குப் புதியது, அனுபவம் இல்லாதது என்று 2015க்குப் பிறகு அடிக்கடி சொல்லப்பட்டது. மும்பைக்குள்ளேயே கால் நூற்றாண்டுக்கும் மேல் அது ஓடிக்கொண்டிருந்தது. கோபுரத்திலிருந்து வெளிவரும் ஜிப்சமும் கழிவாகக் கிடக்க வேண்டியதில்லை. சிமெண்டில் சில விழுக்காடு ஜிப்சம் சேர்க்கப்படுகிறது, அதற்காக இந்தியா வெளிநாட்டிலிருந்தும் அதை வாங்குகிறது.

இறுதியாகச் செலவு. ஒரு மெகாவாட்டுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகும், மின்சாரம் யூனிட்டுக்கு 25 முதல் 30 பைசா உயரும் என்பது விலக்கை ஆதரிப்போர் தரும் கணக்கு. அந்த எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ஸ்க்ரப்பர் இல்லாவிட்டால் செலவே இல்லை என்ற முடிவு அவற்றிலிருந்து கிடைக்காது. சல்ஃபேட் நுண்துகளால் வரும் மூச்சுநோய், இதயநோய் ஆகியவற்றின் மருத்துவச் செலவு மின்கட்டண ரசீதில் அச்சாவதில்லை என்பதால், அதைக் குடும்பங்கள் தனித்தனியே மருத்துவமனைகளில் கட்டுகின்றன. பெரும்பாலும் அந்த மின்சாரத்தால் மிகக் குறைந்த பயன் பெறும் குடும்பங்களே கட்டுகின்றன. செலவு கூடியதற்குக் காலதாமதமும் ஒரு காரணம். 2017 இறுதிக்குள் முடிக்க வேண்டியிருந்த பணி முதலில் 2022க்கும், பிறகு நிலையத்தின் வகைக்கேற்ப 2024 முதல் 2026 வரைக்கும், 2024 டிசம்பரில் மேலும் மூன்று ஆண்டுகளுக்கும் தள்ளிவைக்கப்பட்டது. கெடு தளரும் என்று தெரிந்த பிறகு எந்த நிலையமும் அவசரமாக ஆணை கொடுப்பதில்லை; ஆணைகள் வராத சந்தையில் உள்நாட்டு உற்பத்தி வளர்வதில்லை; உற்பத்தி வளராத இடத்தில் விலை இறங்குவதில்லை. ஆண்டுக்காண்டு நீட்டிப்பு வாங்கியவர்களே பின்னர் விலை உயர்வைக் காட்டி விலக்கு கேட்டார்கள், விலக்கும் கிடைத்தது. விதியை நம்பி முன்கூட்டியே முதலீடு செய்த நிலையங்களுக்கு இது இழைத்த அநீதி சிறிதன்று.

சீனா 2005இல் இருந்த நிலை இந்தியாவின் இன்றைய நிலையைவிட மோசமானது. அங்கு அப்போது சிறு பங்கு நிலையங்களில்தான் ஸ்க்ரப்பர்கள் இருந்தன. 2010க்குள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான திறனுக்கு அவை பொருத்தப்பட்டுவிட்டன. பொருத்துவது மட்டும் போதவில்லை. பல நிலையங்கள் செலவை மிச்சப்படுத்த அவற்றை நிறுத்திவைத்தன. அதைச் சரிசெய்தவை இரு ஏற்பாடுகள்: புகைபோக்கியிலேயே இடைவிடாது அளந்து அதிகாரிகளுக்கு நேரடியாகத் தரவு அனுப்பும் கருவிகள், ஸ்க்ரப்பர் இயங்கும் நேரத்துக்கு மட்டும் யூனிட்டுக்கு 0.015 யுவான் கூடுதல் விலை. இந்தியாவில் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்ட கோபுரங்கள் பல உள்ளன. அவற்றுள் விலக்குப் பெற்ற நிலையங்களில் உள்ளவற்றை இயக்கச் சொல்லும் விதி இப்போது இல்லை. மலிவான மின்சாரத்தை முதலில் வாங்கும் வரிசையில் ஸ்க்ரப்பரின் இயக்கச் செலவையும் கணக்கில் சேர்த்தால், புகையைக் கழுவும் நிலையம் கழுவாத நிலையத்துக்குப் பின்னே தள்ளப்படும். எனவே உடனடியாகச் செய்யத்தக்கவை சில உண்டு: கட்டப்பட்ட ஒவ்வொரு கோபுரமும் இயங்கியாக வேண்டும் என்று விதிப்பது, அதன் இயக்கச் செலவை அந்த வரிசைக் கணக்கிலிருந்து விலக்கித் தனியே ஈடுசெய்வது, ஒவ்வொரு அலகும் வெளியிடும் கந்தக டை ஆக்சைடை மில்லிகிராமில் மட்டுமின்றி ஆண்டுக்கு இத்தனை டன் என்றும் நிலையத்தின் பெயரோடு பொதுவில் வெளியிடுவது. 10 கிலோமீட்டர் வட்டத்தைக் கைவிட்டு, அந்த டன் கணக்கில் முதலில் வரும் நிலையங்களிலிருந்து ஸ்க்ரப்பர் கடமையை மீண்டும் விதிக்கத் தொடங்க அந்தப் பட்டியலே போதுமானது.